தொப்பி பிடிக்கும் புரதம்

மன்னார் இறைச்சிக்கடையில் ஆட்டு விரை கேட்டு வருகிறவர்கள் புதினமில்லை. அதை வெட்டாமல், கழுவாமல், அறுத்த கையோடு வாங்கி, கொண்டுபோன போர்மலின் போத்தலுக்குள் போட்டு மூடுகிறவன் நான் ஒருவன்தான். கடைக்காரர், ஊருக்கே நானா, முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, கலியாணம் கிட்டவோ?"

"இல்லை நானா, படிப்புக்கு."

"அந்தப் படிப்ப நாங்க போத்தல் இல்லாமலே படிச்சிட்டம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கு ஓடினேன். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். கடாவின் விரையை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. கூட்டாளிகள் கண்டல், நண்டு, கடற்புல் என்று மரியாதையான விசயங்களை எடுத்திருந்தார்கள். எனக்கு வாய்த்தது இது. வாய்த்தது என்று சொல்வதும் பிழை. நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

ஒரு சீவலைப் பார்த்தால் போதும், பைத்தியம் பிடிக்கும். குழாய்கள் வட்டம் வட்டமாகக் கிடக்கும். குழாயின் சுவரோரம் இருக்கும் உயிர்க்கலங்கள் எல்லாம் சாதாரணமானவை, உருண்டையானவை, தோலிலோ ஈரலிலோ இருந்தாலும் யாரும் வித்தியாசம் பிடிக்க மாட்டார்கள். அவையே உள்ளே வர வர உருமாறும். தலை நீளும், வால் முளைக்கும், வேண்டாத சாமான் எல்லாம் கழன்று விழும். நடுவுக்கு வரும்போது அது விந்தணு.

இந்த உருமாற்றத்துக்கு உதவும் புரதங்களில் சில உடம்பின் வேறெந்த இடத்திலும் உண்டாவதில்லை. அதற்கான குறிப்பு எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. மூளையிலும் இருக்கிறது, குதிக்காலிலும் இருக்கிறது. அதை எடுத்து வாசிப்பது விரை மட்டும். அவற்றில் ஒன்றின் மேல் எனக்குத் தனி ஆசை. அதன் பெயர் எழுத்தும் எண்ணும் கலந்து வாகன நம்பர் மாதிரி இருக்கும். விந்தணுவின் தலைக்குள் இருக்கும் கருவுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு பை வந்து குந்தும். முட்டையின் வெளித்தோலைத் துளைக்கும் சாறு அதற்குள்தான் இருக்கிறது. கருவின் சுவரில் இருந்துகொண்டு அந்தத் தொப்பியை விழாமல் பிடிப்பது இந்தப் புரதத்தின் வேலை. அது இல்லாவிட்டால் தொப்பி கழன்று போகும். தலையும் நீளாது. வால் இருக்கும், ஓட்டம்கூட இருக்கும், தலை மட்டும் உருண்டையாக நின்றுவிடும்.

இதை வகுப்பில் சொன்னபோது பின்வாங்கில் இருந்து விசில் வந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா.

படிப்பு முடிந்து, அரசாங்க நியமனம் வரும் வரும் என்று காத்திருந்த காலத்தில் மன்னார் நகரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவின் வீடு பெருநிலத்தில், திருக்கேதீஸ்வரத்துக்கு அங்காலே ஒரு வயல் கிராமம். அத்தானுக்குக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலும் ஒரு டிராக்டரும் இருந்தன. நான் அவர்களோடு தங்கி, காலையில் மோட்டார்சைக்கிளில் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் போய் வந்தேன்.

அக்கா கலியாணம் கட்டி வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. ஸ்கேன், இரத்தம், குழாய்க்குள் மருந்து விட்டு எடுக்கும் படம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு பழுதும் இல்லை என்றார்கள். பழுதில்லை என்று சொல்லச் சொல்ல அக்காவின் மேல்தான் கண் கூடியது. பழுது தெரியாத பழுது என்று ஊரில் பெயர். அத்தானும் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை எங்கோ கொடுத்துப் பார்த்திருந்தார். எண்ணிக்கை நல்லது என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவாரே தவிர, தான் ஒன்றும் கொடுக்கவில்லை.

"எனக்குக் கோடிக்கணக்கிலை கிடக்காம் மச்சான்," என்பார். "வங்கியிலைதான் ஒண்டும் இல்லை."

அத்தானின் அம்மா கெட்டவ இல்லை. எனக்குத் தனியாக மீன் பொரித்து வைப்பா. ஆனால் அவவுக்கு ஒரு கொள்கை இருந்தது. அவவே தன் சொந்த மச்சானைத்தான் கட்டினவ, தகப்பனின் தங்கையின் மகனை. அவர் இறந்து சில வருடங்கள். மகனுக்கும் தன் அண்ணனின் மகளைத்தான் கேட்டிருந்தா. அத்தான் அக்காவைக் கண்டு விரும்பி, சொந்தத்துக்கு வெளியே, பிறத்தியில் கட்டிவிட்டார்.

"சொந்தத்துக்கை செய்திருந்தா இப்ப முற்றத்திலை மூண்டு விளையாடும்," என்று நெல் காயவிடும்போது சொல்லுவா. அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டா. நெல்லைப் பார்த்துச் சொல்லுவா.

அத்தானின் தமக்கையின் மகள் பெரியபிள்ளையானது அந்த மாசியில். அன்றைக்கு அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்தில் கிளினிக்கில் நின்றதால் பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் வார்த்துவிட்டா. சடங்கை வைகாசியில் வைப்பதென்று முடிவானது. எங்கள் பக்கத்தில் சடங்கன்று தாய்மாமன் தேங்காய் உடைக்கவேண்டும். அவரின் மனைவி, பிள்ளைக்கு மாமி முறையானவ, தலைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும். அத்தான் ஒரே ஒரு தாய்மாமன். ஆகவே வார்க்கவேண்டியது அக்கா. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு பின்னேரம் அக்கா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா: "தண்ணி வாக்கிறதுக்கு மாமி வேற ஆளைச் சொல்லிப்போட்டாவாம்."

மாமி என்று அவ சொன்னது அத்தானின் அம்மாவை.

"ஆரை?"

"ஒண்டுவிட்ட சொந்தத்திலை ஒரு ஆள். மூண்டு பிள்ளையள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஆலாத்தித் தட்டு அடுக்கிக் குடுப்பன் எண்டன். அதுவும் வேலைதானே." துருவலை ஒருபக்கம் ஒதுக்கினா. "அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னப் பழக்கினதே நான்தான்ரா."

நான் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. அக்காவிடம் பழுது இல்லையென்றால் அத்தானை மறுபடி பார்க்கவேண்டும், அவ்வளவுதான். சொல்வது லேசு. அத்தானிடம் இதை எப்படித் தொடங்குவது?

அடுத்த நாள் அத்தான் சிறுபோகத்துக்கு விதைநெல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி நெல்லை எண்ணி, ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டிக் கட்டி வைப்பார். சில நாளில் அவிழ்த்து எத்தனை முளைத்தது என்று பார்த்துத்தான் விதைப்பார். அது அவருக்குப் பல் தீட்டுவது மாதிரி.

"மூட்டை நிறைய நெல்லுக் கிடக்கு. பிறகேன் அத்தான் நனைச்சுப் பாக்கிறியள்?"

"நிறையக் கிடந்தா முளைக்குமோ? விசரன் மாதிரிக் கதைக்காதை."

"ஓம், நான் அதைத்தான் சொல்லுறன்."

அவர் சாக்குக் கட்டை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஒழுங்கையாலை வாறாய் எண்டு எனக்கு விளங்குது."

"எண்ணிக்கைதான் பாத்தவங்கள். வடிவம் பாக்கேல்லை."

"அதுக்கும் வடிவோ?"

"தலை ஒரு வடிவம், கழுத்து ஒரு வடிவம், வால் ஒரு வடிவம். சாயம் போட்டுப் பாக்கோணும்."

அவர் கைகளைச் சாரத்தில் துடைத்தார். நெல்லையும் தன்னையும் அவரே மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரென்று நினைக்கிறேன். நெல் வாங்கும்போது மூட்டைக் கணக்கை நம்பாத மனிதர், தன் விசயத்தில் மூட்டைக் கணக்கை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் திரிந்திருக்கிறார்.

"உன்ரை லேபிலை பெட்டையள் நிக்கிறாளவை," என்றார் கடைசியாக. "அவளவை பாக்கக்கூடாது. நீதான் பாக்கோணும். அங்கை வந்து தரவும் ஏலாது."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கொடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் பார்க்கவேண்டும், சூடும் ஆறக்கூடாது. ஒரு ஞாயிறு காலை அத்தான் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் போத்தலை நீட்டினார். நான் அதைச் சேர்ட்டுக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன். தாம்போதி முழுக்க எதிர்க்காற்று. தீவுக்குள் ஏறும் இடத்தில் பொலிஸ் மறித்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் மறிக்காமல் என்ன செய்வார்கள்?

"என்ன உள்ளுக்கு?" அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"லேப் சாம்பிள், சேர்."

"யூரின்?"

"அந்த மாதிரி ஒண்டு, சேர்."

கையை வேகமாக வீசி, போ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூடத்தில் வேறு ஒருவரும் இல்லை. முதலில் ஒரு துளியை அப்படியே பார்த்தேன். எண்ணிக்கைக்குக் குறையில்லை, கீரிக் கடற்கரையில் வலை இழுத்த நேரம் மாதிரித் துள்ளியது. ஓட்டம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். முதல் தடவை பார்த்தவர்கள் நல்லது என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. பிறகு ஸ்லைட்டில் பரப்பி, காயவிட்டு, சாயம் போட்டு, எண்ணெய் விட்டுப் பெரிய வில்லையைத் திருப்பினேன்.

தலைகள் உருண்டை. பக்கத்தில் இருந்ததும் உருண்டை. ஸ்லைட்டை நகர்த்தினேன், உருண்டை. பிள்ளைகள் உருட்டி விளையாடும் போளை சிந்திக் கிடக்கிற மாதிரி, வால் வைத்த போளைகள். சாதாரணமாகத் தலையின் முன்பாதியில் வெளிறித் தெரியும் தொப்பி ஒன்றிலும் இல்லை. ஒரே ஒரு நீட்டுத் தலை கிடைத்தாலும் போதும் என்று ஸ்லைட் முழுக்கத் தேடினேன்.

படித்ததைக் கண்ணால் கண்ட சந்தோசம்தான் முதலில் வந்தது. இது அத்தானுடையது என்பது அதற்குப் பிறகு வந்தது.

அவரிடம் வாய்க்கால் கட்டில் வைத்துச் சொன்னேன். எந்தப் புரதம் இல்லை என்று நுணுக்குக்காட்டி காட்டாது, அதற்கு இரத்தத்தில் வேறு பரிசோதனை இருக்கிறது, என் சொல்லும் கடைசிச் சொல் இல்லை, வைத்தியர் பார்க்கவேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, தொப்பிக் கதைக்கு வந்தேன்.

"அப்ப பதரோ?" என்றார்.

"பதரெண்டா உள்ளுக்கு ஒண்டும் இராது. இதுக்குள்ளை எல்லாம் கிடக்கு அத்தான். முட்டையைத் துளைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போற சாமான்தான் இல்லை."

"ஹெல்மெட் இல்லாமல் போறாங்கள் எண்டு சொல்லு. அதுதான் மறிச்சுப்போட்டாங்கள்."

நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயலுக்கு மருந்தடிச்சதாலையோ?"

"இல்லை. பெரும்பாலும் இது பிறவியிலை வாறது. அந்தப் புரதத்துக்கான குறிப்பிலை தாயிட்டை ஒரு பழுதுப் பிரதி, தகப்பனிட்டை ஒரு பழுதுப் பிரதி. ஒண்டு மட்டும் இருந்தா ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது. ரெண்டும் ஒரு பிள்ளையிட்டை வந்து சேரோணும். தாயும் தகப்பனும் ஒரே குடும்பமெண்டால் அப்பிடிச் சேருற சாத்தியம் கூட."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவருக்கு எனக்கு முன்னமே விளங்கிவிட்டது.

"அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள்."

"ஓம்."

கொக்கு ஒன்று வரம்பில் வந்து இறங்கி, எங்களைக் கண்டு திரும்பப் பறந்தது.

"இந்தக் கதை அம்மாட்டைப் போகக்கூடாது."

"அவ அக்காவைப் பிறத்தி பிறத்தியெண்டு..."

"தெரியும். அப்பா இல்லை இப்ப. அவ இதை வைச்சுக்கொண்டு ஆரோடை கதைக்கிறது? என்னிலை பிழையெண்டு நான் சொல்லுறன். அதுக்கு மேலை வேண்டாம்."

"எப்ப சொல்லுவியள்?"

"சொல்லுவன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அறிவியலில் பாதி உண்மை என்று ஒன்று இல்லை என்று வாதாடினேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை பார்க்கப் போய்விட்டார்.

அக்காவுக்கு அவரே சொல்லியிருந்தார். அடுத்த நாள் காலை அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு நின்றா.

"ஒரு தொப்பிக்காகவோடா நான் பிள்ளைவரம் கேட்டுப் பாலாவித் தீர்த்தத்திலை அத்தினை தரம் முழுகினனான்?"

"ஓம் அக்கா."

"அவருக்கு வேறை ஒண்டும் வராதே? ஈரல், இதயம்?"

"அந்தப் புரதம் வேறை இடத்திலை இல்லை. அதாலை வேறை இடத்திலை பழுதும் இல்லை."

மூச்சை விட்டா. அந்தப் புரதத்தைப் பற்றி நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது விரையில் மட்டும் இருக்கிறது என்பதைக் கேட்டு ஆறுதல்பட்டது அக்கா ஒருத்திதான். பிறகு கேட்டா: "நானெண்டு நினைச்சு அவர் ஒருநாளும் என்னை ஒண்டும் சொன்னதில்லை. இப்ப அவரெண்டு தெரிஞ்சதும் நான் என்ன சொல்ல?" நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியர் மறுபடி சாயம் போட்டுப் பார்க்க வைத்து அதையே சொன்னார். ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தலாம். ஆனால் முட்டையைத் தட்டி எழுப்பும் பொருளும் இந்த உருண்டைத் தலையில் குறைவாக இருக்கும் என்பதால் அதற்கும் மருந்து வைக்கவேண்டியிருக்கும். கொழும்புக்குத்தான் போகவேண்டும். சரிவரும் என்று வாக்குத் தரமுடியாது என்றார். மூவரும் திரும்பி வரும் வழியில் அத்தான் வாகன யன்னலால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிறந்தா அதுக்கும் இது வருமோ?"

"உங்களிட்டையிருந்து ஒரு பழுதுப் பிரதி போகும். அக்காவிட்டை நல்லது இருந்தாப் போதும், பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. அக்கா வேறை குடும்பம்தானே."

"அப்ப பிறத்தியிலை எடுத்தது நல்லதாப் போச்சு எண்டு சொல்லு."

அக்கா பின்சீற்றில் நித்திரை மாதிரிக் கிடந்தா. நித்திரை இல்லை என்பது வாயின் ஓரத்தில் தெரிந்தது.

இவ்வளவும் நடந்தும் அத்தான் வீட்டில் வாய் திறக்கவில்லை. சடங்கு கிட்டக் கிட்ட எனக்கு அரிப்பாக இருந்தது. அவரைக் காணும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துவேன். அவர் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணுவார்.

சடங்கன்று அத்தானின் தமக்கை வீட்டு முற்றத்தில் பந்தல். பிள்ளையைப் பலகையில் கிழக்குப் பார்க்க இருத்தினார்கள். வீடியோக்காரன் லைட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னான். பாலும் அறுகும் தலையில் வைத்தாயிற்று. அக்கா ஆலாத்தித் தட்டுகளோடு விறாந்தைக்குள் நின்றா. அத்தானின் அம்மா செம்பை அந்த ஒன்றுவிட்ட சொந்தக்காரப் பெண்ணிடம் நீட்டினா. தேங்காய் அத்தானின் கையில். அவர் உடைக்கவில்லை.

"அம்மா, மாமிக்காரி வாக்கிறதெல்லோ முறை?"

"முறைதான். பிள்ளை பெத்த கையாலை வாத்தா நல்லது எண்டுதான். நீ உடை, நேரம் போகுது."

"அப்ப தேங்காயும் பிள்ளை பெத்தவன் உடைக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். பகிடி என்று நினைத்துவிட்டார்கள்.

"நீ ஆம்பிளை. உனக்கென்ன குறை."

"குறை எனக்குத்தான்." தேங்காயை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "யாழ்ப்பாணத்திலை பாத்தாச்சு. ரெண்டு தரம் பாத்தாச்சு. அவளிலை ஒரு பழுதும் இல்லை. பிள்ளை இல்லாத ஆக்கள் செய்யக்கூடாதெண்டா முதல் விலகவேண்டியது நான். எனக்குப் பதிலா ஆளைப் பாருங்கோ."

பதிலுக்கு ஆள் இல்லை என்பது பந்தலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு தாய்மாமன். வீடியோக்காரன் மட்டும், "ஐயா கொஞ்சம் இங்காலை திரும்பினா நல்லம்," என்றான்.

செம்பை வாங்க நீட்டிய கையை அந்தச் சொந்தக்காரப் பெண் தானாகவே மடக்கிக்கொண்டா. அத்தானின் அம்மா மகனையே பார்த்துக்கொண்டு நின்றா. கோபமா, அழுகையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பினா.

"பிள்ளை, அந்தத் தட்டை வைச்சிட்டு இஞ்சை வா. செம்பைப் பிடி."

அக்கா தட்டை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் என்னிடம் தந்துவிட்டுப் போனா. அத்தானின் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கென்று இல்லாமல், "என்ரை அண்ணன்ரை மேளைச் செய்திருந்தா இவனுக்கு இப்பிடி ஒரு குறை வந்திருக்காது," என்று முணுமுணுத்தா.

நான் வாயைத் திறந்தேன். கருவின் சுவர், தொப்பி, இரண்டு பிரதி, எல்லாம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அத்தான் தேங்காயோடு என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த வாழைப்பழத்தை நேராக்கி வைத்தேன்.

தேங்காய் உடைந்தது. அக்கா முதல் செம்பை வார்த்தா. பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டது.

"மாமி, குளிருது."

"குளிரத்தான் செய்யும். குனி, பின்னுக்கு இன்னும் நனையேல்லை," என்று சொல்லி அக்கா வாளிக்குள் செம்பைத் தாழ்த்தினா.